மனநல அமைப்பு ஊருக்குள் இறங்குவது: உதவியா, விளம்பரமா?

கணக்கன்
நான் வரவுசெலவு பார்த்துக்கொடுக்கும் இடங்களில் ஒன்று, வட்டார அளவில் மனநல சிகிச்சையும் போதை மீட்பும் தரும் ஒரு தொண்டு அமைப்பு. பெயர் வேண்டாம். அவர்களுடைய ஆண்டறிக்கையில் பாதிக்கு மேல் முகாம், பேரணி, பள்ளிப் பேச்சு, சுவரொட்டி, குழுப்படங்கள்தான். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் முதல் சந்திப்புக்கே வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். உள்ளே இடமில்லாத நேரத்தில் வாசலில் நின்று "வாங்க, வாங்க" என்று கூப்பிடுவது என்ன நியாயம்? காத்திருப்புப் பட்டியல் தீரும்வரை வெளி வேலைகளை நிறுத்திவைத்துவிட்டு, அந்தப் பணத்தில் இரண்டு ஆலோசகர்களை வேலைக்கு வைக்கலாம் என்கிறேன். மறுப்பவர்கள் வரலாம்.

தெருமுனை
வந்துவிட்டேன். நான் இதே துறையில் களப்பணி செய்பவன். உங்கள் பட்டியலில் இருப்பவர்கள் யார் என்று பார்த்தீர்களா? போன் செய்து நேரம் கேட்கத் தெரிந்தவர்கள், ஒருநாள் லீவு போட முடிந்தவர்கள், வீட்டில் அனுமதி கிடைத்தவர்கள். நோய் முற்றி அறையை விட்டே வெளியே வராதவர் எந்தப் பட்டியலிலும் இருக்கமாட்டார். நாங்கள் தேடிப்போவது அவரை. நிறுத்தினால் பட்டியல் குறையும், வாஸ்தவம்தான். நோய் குறையாது.

சிம்பாப்வேயைப் பாருங்கள். டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006இல் தொடங்கிய 'நட்பு பெஞ்ச்' திட்டத்தில், பயிற்சி பெற்ற பாட்டிமார்கள் பெஞ்சில் உட்கார்ந்து மனச்சோர்வில் இருப்பவர்களோடு பேசுகிறார்கள். ஹராரேயில் 24 மருத்துவ மையங்களில் 573 பேரை வைத்து நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. ஆறு மாதம் கழித்து, வழக்கமான கவனிப்பைச் சற்றே மேம்படுத்தித் தந்த குழுவில் சுமார் பாதிப் பேருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. பெஞ்சுக்குப் போன குழுவில் சுமார் 14 விழுக்காடுதான். பணக்கார நாடு இல்லை, டாக்டர் கூட்டமும் இல்லை.

கணக்கன்
நீங்கள் சொன்ன உதாரணம் என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறது! அந்தப் பாட்டிகள் துண்டறிக்கை கொடுக்கவில்லை. பிரச்சினையை ஒவ்வொன்றாக எடுத்துத் தீர்க்கும் முறைப்படி, ஒரே ஆளுடன் பல அமர்வுகள் உட்கார்ந்தார்கள். அது சிகிச்சை. இடம் மட்டும் வெளியே. அதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் ஒதுக்குங்கள். நான் எதிர்ப்பது பலூன் கட்டிய ஸ்டாலை.

மருந்துச்சீட்டு
கணக்கன் சாருக்கு ஆதரவாக ஒரு கணக்கு. முகாம்களில் வரிசையில் நிறுத்தி, மனச்சோர்வை அளக்கும் பி.ஹெச்.க்யூ-9 என்ற கேள்வித்தாளைக் கொடுப்பார்கள். ஒன்பது கேள்வி, 27 மதிப்பெண், 10 அல்லது அதற்கு மேல் வந்தால் "மேல்பரிசோதனை தேவை". நோய் இருப்பவர்களில் 85 விழுக்காட்டையும், இல்லாதவர்களில் 85 விழுக்காட்டையும் அது சரியாகப் பிரிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வுகளில் வரும் அளவும் ஏறத்தாழ இதுதான். முகாமுக்கு வந்த 100 பேரில் 10 பேருக்கு உண்மையில் மனச்சோர்வு என்றால், எட்டொன்பது பேரைப் பிடிக்கும். கூடவே, நோயில்லாத பதிமூன்று பதினான்கு பேரையும் பிடிக்கும். அதாவது "உங்களுக்கு இருக்கலாம்" என்று சொல்லி அனுப்பப்படுபவர்களில் பாதிக்கு மேல் நோயில்லாதவர்கள். அவர்களும் அதே வரிசையில் வந்து நிற்பார்கள்.

இதைவிடக் கவலை ஒன்பதாவது கேள்வி. செத்துப்போனால் தேவலை, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணங்கள் வந்தனவா என்று கேட்பது. ஆமாம் என்று ஒருவர் டிக் அடித்தால், அந்த நிமிடமே தனியாக உட்காரவைத்துப் பேச ஆள் இருக்கிறாரா? இல்லையென்றால் தாளையே வெளியில் எடுக்காதீர்கள். அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பரிந்துரைக் குழு 2002இலேயே, பெரியவர்களுக்கு மனச்சோர்வுப் பரிசோதனையைப் பரிந்துரைத்தபோது, சரியான நோயறிதல், சிகிச்சை, தொடர் கவனிப்பு மூன்றுக்கும் ஏற்பாடு உள்ள இடங்களுக்கு என்றுதான் சொன்னது.

அரட்டை_மன்னன்
போன வருஷம் ஒரு ஸ்டாலில் எனக்கும் தாள் கொடுத்தார்கள். நிரப்பினேன். பேனாவைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். தாள் என்ன ஆயிற்று என்று இன்றுவரை தெரியாது.

பக்கத்துவீடு
இங்கே எல்லோரும் மனச்சோர்வைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் குடி. முகாம் என்றால் கல்லூரிப் பையன்களைக் கூட்டிவைத்து, கெட்டுப்போன கல்லீரல் படத்தைக் காட்டுவார்கள். குடிக்கிற மனிதர் அங்கே வரப்போவதில்லை. வருகிற ஒரே ஆள், பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்ற வீட்டு மனுஷிதான். எங்களிடம் என்ன சொல்கிறார்கள்? "அவரைக் கூட்டிக்கொண்டு வாங்க." வரமாட்டேன் என்பதுதானே பிரச்சினையே!

இதற்கு முறை இல்லாமல் இல்லை. கிராஃப்ட் என்று ஒன்று உண்டு. குடிப்பவரை விட்டுவிட்டுக் குடும்பத்தாருக்குப் பயிற்சி தருவது. குடிக்காத நேரத்தில் எப்படிப் பேசுவது, எதைக் கண்டுகொள்ளாமல் விடுவது, எந்த நொடியில் சிகிச்சைப் பேச்சை எடுப்பது, அடி விழும் ஆபத்து இருந்தால் எப்படி ஒதுங்குவது என்று. அமெரிக்காவில் 1999இல் வெளியான ஆய்வில் 130 குடும்பத்தினரை மூன்றாகப் பிரித்தார்கள். கிராஃப்ட் வழியில் 64 விழுக்காடு பேரின் ஆள் சிகிச்சைக்கு வந்தார். சொந்தபந்தம் எல்லோரும் கூடி நேருக்குநேர் கேட்கிற முறையில் 30. குடிப்பவர்களின் குடும்பத்தார் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் அல்-அனான் கூட்டங்களில் சேர்த்துவிடும் வழியில் 13. அல்-அனானைக் குறைசொல்லவில்லை, அது குடும்பத்தாரின் நிம்மதிக்கானது. ஆனால் ஆளைச் சிகிச்சைக்குக் கொண்டுவருவதுதான் குறி என்றால் வித்தியாசத்தைப் பாருங்கள். வெளியே வருவதாக இருந்தால் எங்களிடம் வாருங்கள். கல்லீரல் படத்தோடு வேண்டாம்.

தெருமுனை
பக்கத்துவீடு அக்கா சொன்னதற்கு என்னிடம் மறுப்பே கிடையாது. மருந்துச்சீட்டு சொன்ன ஒன்பதாவது கேள்வி விஷயத்திலும் அப்படியே. ஆனால் அதை வைத்து வெளிப்பணியே வேண்டாம் என்றால் ஒப்ப முடியாது.

ஏன் ஸ்டாலும் பேரணியும் பெருகுகின்றன? நிதி தருபவர் கேட்கும் படிவத்தில் இருக்கும் கட்டம் "பயனடைந்தோர் எண்ணிக்கை". ஒரு பேரணிக்கு ஐந்நூறு பேர் என்று எழுதிவிடலாம். ஒரு வீட்டு வாசலில் நாலு தடவை நின்று, ஐந்தாம் தடவை கதவு திறந்தால் எழுத வேண்டியது "1". எந்த மேலாளர் எதைத் தேர்ந்தெடுப்பார்? கணக்கு எழுதுகிற நீங்களே சொல்லுங்கள் சார்.

கணக்கன்
படிவம் மோசம், சரி. அதற்காக அந்தப் படிவத்துக்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டுமா? சரி, பள்ளிக்கு வருவோம். ஒரு மணி நேரம் மேடையில் பேசிவிட்டு "நானூறு மாணவர்களைச் சென்றடைந்தோம்" என்கிறார்களே, அதற்காவது ஏதாவது ஆதாரம் உண்டா?

சாக்பீஸ்
ஆசிரியை என்ற முறையில் இதற்கு நான் பதில் சொல்கிறேன். ஐரோப்பாவில் 10 நாடுகள், 168 பள்ளிகள், 11,000க்கு மேற்பட்ட மாணவர்கள். 2015இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு. மூன்று வழிகளைச் சோதித்தார்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆபத்தில் இருக்கும் மாணவரை அடையாளம் காணச் செய்வது ஒன்று. கேள்வித்தாளில் ஆபத்து இருப்பதாகத் தெரிந்தவர்களை நிபுணரிடம் அனுப்புவது இன்னொன்று. மூன்றாவது, மாணவர்களே நடித்துப் பார்த்து, விவாதித்து, மன நெருக்கடியை எப்படிச் சமாளிப்பது என்று பழகுவது. சில வாரங்களில் மொத்தம் ஐந்து மணி நேரம்தான். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், வெறும் சுவரொட்டி மட்டும் ஒட்டிய பள்ளிகளோடு ஒப்பிடும்போது, தற்கொலை முயற்சி சுமார் பாதியாகக் குறைந்திருந்தது இந்த மூன்றாவதில் மட்டும். என்னைப் போன்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்த வழியில் குறிப்பிடும்படி வித்தியாசமில்லை. (எங்களுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்!)

ஆகவே பள்ளிக்கு வருவது வீண் என்பதும் தவறு, வந்து மைக் பிடித்தால் போதும் என்பதும் தவறு. ஐந்து மணி நேரம் கேட்டால் எந்தத் தலைமையாசிரியர் தருவார் என்பது அடுத்த பஞ்சாயத்து.

மருந்துச்சீட்டு
இதிலும் கேள்வித்தாள் வழி வேலை செய்யவில்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன். :)

தெருமுனை
கேள்வித்தாளுக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதில்தான் விஷயம். போன் நம்பர் எழுதிய சீட்டைக் கையில் கொடுத்தால் வருபவர் குறைவு. அங்கேயே போன் போட்டு, நாளும் நேரமும் வாங்கி, முதல் நாள் நானே கூடப் போனால் பெரும்பாலும் வந்துவிடுகிறார்கள். அதனால் என் கோரிக்கை ஒன்றுதான். வாரச் சந்திப்புகளில் சிலவற்றைக் களத்திலிருந்து வருபவர்களுக்கென்று பிடித்துவையுங்கள். அமெரிக்காவில் மனநலமும் போதை மீட்பும் பார்க்கும், அரசுச் சான்று பெறும் சமூக நடத்தைநல மையங்களுக்கு, புதிதாக வருபவரின் அவசரத் தேவையை ஒரு வேலைநாளிலும் சாதாரணத் தேவையைப் பத்து வேலைநாட்களுக்குள்ளும் கவனிக்க வேண்டும் என்று நிபந்தனை. வெளியே போய்த் தேடும் பணியும் அதே சான்றின் பகுதி. இரண்டையும் எதிரெதிராக நிறுத்தத் தேவையில்லை.

கணக்கன்
பிடித்துவைத்தால், இரண்டு மாதமாகக் காத்திருப்பவர் இன்னும் ஒரு வாரம் காத்திருப்பார். அவருக்கு யார் பதில் சொல்வது? அவரும் தானாக வந்தார் என்பதாலேயே லேசான கேஸ் ஆகிவிடமாட்டார்.

பக்கத்துவீடு
காத்திருப்பவரின் வீட்டாரையாவது அதற்குள் கூப்பிட்டுப் பேசலாமே. அதற்கு மருத்துவர் நேரம் தேவையில்லை.

கணக்கன்
இது யோசிக்க வேண்டியது. பட்ஜெட் கூட்டத்தில் குடும்பத்தாருக்கான பயிற்சி என்று தனித் தலைப்பு கேட்டுப் பார்க்கிறேன். பள்ளிக்கு ஐந்து மணி நேரத் திட்டம் என்றால் அதையும் வெட்டமாட்டேன். களத்துக்கு இடம் பிடித்துவைப்பதற்கு இப்போதைக்குச் சம்மதமில்லை. பேரணிக்கு நிச்சயம் கிடையாது.

தெருமுனை
பேரணியை வெட்டுங்கள், நானே கத்தரி தருகிறேன். அந்தப் பணம் ஆலோசகர் சம்பளத்துக்கா, களப்பணியாளர் பயணப்படிக்கா என்பதற்கு வேறு இழை திறக்கிறேன், அங்கே வாருங்கள்.