பாங்காக்கில் விடிகாலை 5 மணிக்கு இறங்கினால் முதல் நாளை எப்படி ஓட்டுவது?

வெறுங்கை:
அடுத்த மாதம் சென்னையிலிருந்து பாங்காக், தனியாக, 18 நாள். போக வர டிக்கெட் தவிர எதுவும் போடவில்லை. விமானம் சுவர்ணபூமியில் காலை 5 மணிக்கு இறங்குகிறது. நாள் நெருங்க நெருங்க வயிற்றைக் கலக்குகிறது. மிச்ச 17 நாளைப் பற்றிக் கவலை இல்லை, அந்த முதல் நாள்தான். எங்கே போவது, மூட்டையை எங்கே வைப்பது, ராத்திரி வரை என்ன செய்வது? சைவம் வேறு.

நாற்பது லிட்டர்:
பிளான் வேண்டாம், சரி. முதல் இரண்டு ராத்திரிக்கு மட்டும் படுக்கை போட்டுவிடுங்கள். 2025 மே முதல் தாய்லாந்துக்கு டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். அதில் தங்கும் முகவரி எழுத வேண்டும். இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் அவர்களுடைய குடிவரவுத் துறைத் தளத்தில் நிரப்பலாம். இலவசம். காசு கேட்கிற தளம் என்றால் உடனே மூடிவிடுங்கள்.

படுக்கை போடுவதில் ஒரு சூட்சுமம். ஹாஸ்டல்களில் செக்-இன் பெரும்பாலும் மதியம் 2 மணி. அதுவரை அரைத் தூக்கத்தில் மூட்டையோடு தெருவில் அலைவதுதான் முதல் நாள் பயத்தில் பாதி. 10ஆம் தேதி விடிகாலை இறங்குகிறீர்கள் என்றால் 9ஆம் தேதி ராத்திரியிலிருந்து பதிவு செய்யுங்கள். "10ஆம் தேதி காலை 7 மணிக்கு வருவேன்" என்று செய்தி அனுப்பி, பதில் வந்ததா பாருங்கள். சொல்லாவிட்டால் ஆள் வரவில்லை என்று எழுதி மொத்தப் பதிவையும் ரத்து செய்துவிட வாய்ப்பு உண்டு. ஒரு ராத்திரி வாடகை தண்டம் மாதிரித் தெரியும். தண்டம் இல்லை.

பணத்தை வருகைக் கூடத்தில் மாற்றாதீர்கள். அடித்தளத்தில் ரயில் ஏறும் இடத்துக்குப் பக்கத்துக் கடைகளில் விலை நன்றாக இருக்கும். ஏடிஎம்மில் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு தடவையும் 220 பாட்டுக்கு (பாட் என்பது தாய்லாந்துப் பணம்) குறையாமல் பிடிப்பார்கள். 2,000 பாட் எடுத்தால் பத்து சதவீதத்துக்கு மேல் அதிலேயே போச்சு. ரூபாயில் கணக்கிடட்டுமா என்று திரை கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள்.

ரயிலில் பயா தாய் வரை 45 பாட், அரை மணி நேரம். அங்கே நகரத்து மேம்பால ரயிலான பிடிஎஸ் பிடிக்கலாம். முதுகுப்பைப் பயணிகள் குவியும் காவோ சான் தெருப் பக்கம் தங்கினால் ரயில் உதவாது, எஸ்1 பஸ்தான். டாக்சி என்றால் முதல் தளத்து எந்திரத்தில் சீட்டு எடுங்கள். மீட்டரோடு 50 பாட் விமான நிலையக் கட்டணம், சுங்கச் சாலைக் காசு தனி. சீட்டை ஓட்டுநரிடம் கொடுக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், தகராறு என்றால் அதுதான் ஆதாரம்.

மோர்மிளகாய்:
சாப்பாட்டுக்கு நான். "கின் ஜே" என்று சொன்னால் போதும், புரிந்துவிடும். மஞ்சள் துணியில் சிவப்பாக "ஜே" எழுத்து தொங்கும் கடைகளில் மீன் சாஸ்கூடச் சேர்க்க மாட்டார்கள். பூண்டு, வெங்காயமும் கிடையாது. வெறுமனே "காய்கறி போடு" என்று கேட்டால் காய்கறி வரும், மேலே "நாம் ப்லா"வும் வரும். அது மீன் சாஸ். காலையில் தெருவில் ஆவி பறக்கிற "ஜோக்" நம்ம கஞ்சி மாதிரியே இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள், உள்ளே பன்றிக்கறி உருண்டை. "மூ" பன்றி, "கை" கோழி.

ரொம்பப் பதற்றமாக இருந்தால் பாங்காக்கின் சீலோம் பகுதியில் மாரியம்மன் கோயில் இருக்கிறது, 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் கட்டியது. உள்ளூர்க்காரர்கள் "வாட் கேக்" என்பார்கள். டாக்சிக்காரரிடம் அந்தப் பெயரையே சொல்லுங்கள்.

வெறுங்கை:
முந்தைய ராத்திரிப் பதிவு தோன்றவே இல்லை, நன்றி. தூங்கி எழுந்த பிறகு அரண்மனை பார்க்கப் போகலாமா?

நாற்பது லிட்டர்:
வேண்டாம். அரண்மனைக்குள் மாலை 3:30க்கு மேல் விட மாட்டார்கள், நுழைவு 500 பாட். தூக்கக் கலக்கத்தில் ஓடிப்போய்ப் பார்க்கிற இடம் இல்லை. எந்த நாள் போனாலும் சரி, வாசலுக்கு முன்னால் யாராவது நல்ல ஆங்கிலத்தில் "இன்று மூடியிருக்கிறது, 20 பாட்டுக்கு வேறு கோயில்கள் காட்டுகிறேன்" என்றால் நிற்காமல் நடங்கள். அவர் ஏற்றிவிடும் டுக்டுக் (அங்கத்து ஆட்டோ) ரத்தினக் கடையிலும் தையல் கடையிலும்தான் போய் நிற்கும், கமிஷன் அவருக்கு.

முதல் நாள் ஹாஸ்டலைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் நடந்தால் போதும். துணி துவைக்கும் இடம், செவன் இலெவன் கடை, பிடிஎஸ் படிக்கட்டு மூன்றையும் கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள். வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி ஊரிலேயே இறக்கிவையுங்கள்.

தண்டவாளம்:
பிளான் இல்லாமல் போகிறவர்கள் மாட்டுவது வடக்கே சியாங் மாய் நகரத்துக்குப் போகும் ராத்திரி ரயிலில். கீழ்ப்படுக்கைதான் முதலில் தீரும். போகலாம் என்று தோன்றிய அன்றே டிக்கெட் எடுத்துவிடுங்கள், அடுத்த நாளுக்குத் தள்ளாதீர்கள். 2023 ஜனவரியிலிருந்து தொலைதூர ரயில்கள் பழைய ஹுவா லம்போங் நிலையத்தில் கிளம்புவதில்லை, புதிய குருங் தெப் அபிவாட் நிலையத்தில்தான். பழைய பதிவுகளைப் படித்துவிட்டு ஹுவா லம்போங் போய் நின்றால் ரயில் போயேபோச்சு. பழைய தலைநகரான அயுத்தயா போக மட்டும் எதுவும் முன்பதிவு வேண்டாம், மூன்றாம் வகுப்பில் சில்லறைக் காசுதான்.

அடுத்த மாதம் என்றீர்களே, எந்த மாதம்? ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான், அவர்களுடைய புத்தாண்டு. அந்த வாரம் என்றால் ரயிலையும் அறையையும் இப்போதே பாருங்கள்.