வெரிகோசில் ஆபரேஷன் முதலிலா, நேராக இக்ஸியா?

அக்காக்களே, தோழிகளே, குழந்தைக்காக டாக்டரிடம் போய்க்கொண்டிருக்கிறோம், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். எனக்கு கருமுட்டை இருப்பைப் பார்க்கும் ஏ.எம்.எச்., தைராய்டு, கருக்குழாய் அடைப்பு பார்க்கும் எச்.எஸ்.ஜி. எல்லாமே நார்மல். (என்னை ஒரு வழி பண்ணிய பிறகுதான் வீட்டுக்காரருக்கு டெஸ்ட் எழுதினார்கள். பரிகாரம் இன்னும் எனக்குத்தான் நடக்கிறது, அது தனிக்கதை.)

அவருக்கு விந்தணு எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு 90 லட்சம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ் அளவே 1.6 கோடி. சில வாரம் விட்டு மறுபடி எடுத்தும் பெரிய மாற்றமில்லை. நிற்கவைத்துத் தொட்டுப் பார்த்தபோதே இடது விதைப்பையில் ரத்தக்குழாய் வீங்கிச் சுருண்டிருப்பது டாக்டருக்குத் தெரிந்துவிட்டது, ஸ்கேனிலும் வெரிகோசில்தான்.

ஒரு டாக்டர் நேராக இக்ஸி (ஒரு விந்தணுவை ஊசியால் கருமுட்டைக்குள் செலுத்தும் டெஸ்ட் டியூப் முறை) என்கிறார். இன்னொருவர், எனக்கு வயது 28தானே, அவருக்கு மைக்ரோ சர்ஜரி செய்துவிட்டுக் காத்திருக்கலாம் என்கிறார். புது விந்தணு உருவாகவே இரண்டரை மாதம் ஆகுமாம், பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம். எனக்கு இரண்டாவது யோசனைதான் சரியாகப் படுகிறது. ஆனால் வீட்டில் யாருக்கும் பொறுமை இல்லை.

வீட்டுக்காரருக்கு இந்த ஆபரேஷன் செய்தவர்கள் இருக்கிறீர்களா? எண்ணிக்கை கூடியதா? எத்தனை நாள் லீவு, எவ்வளவு செலவு ஆனது? மதுரை, திருச்சி பக்கம் நல்ல ஆண்ட்ராலஜிஸ்ட் (ஆண்களின் குழந்தையின்மைக்குப் பார்க்கும் டாக்டர்) தெரிந்தாலும் சொல்லுங்கள். லேகியம் விற்பவர்கள் தயவுசெய்து இன்பாக்ஸ் வராதீர்கள்.