கொரோனாவின் இரண்டாம் அலை ஓய்ந்திருக்கும் இந்த இடைவேளையில் எங்கள் ஊர் மன்றம் எதைச் செய்து வைப்பது?

கடைமடைக்காரன் (கேள்வி, 22 ஆகஸ்ட் 2021)

அனைவருக்கும் வணக்கம். திருவாரூர் மாவட்டத்தில், வாய்க்காலின் கடைமடையில் உள்ள ஏறத்தாழ 600 வீடுகள் கொண்ட ஊர் எங்களுடையது. கடந்த மே மாதத்தில் எங்கள் நற்பணி மன்றத்தார், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஊர்ப் பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் நான்கு ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர்களும், விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் பதினைந்து பல்ஸ் ஆக்சிமீட்டர்களும் வாங்கி, வீடு வீடாகக் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தோம். தமிழகத்தில் மே 21 அன்று ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியான அந்த வாரத்தில், எங்கள் தெருவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தார். விரலில் கருவியை மாட்டிப் பார்த்தால், 94-க்குக் குறையக் கூடாத அளவு 84 என்று காட்டியது. கருவிதான் பழுது என்று எண்ணி, என் விரலில் மாட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் அவருக்கே மாட்டினேன், அதே 84. படுக்கை தேடி அலைந்து, மூன்றாவது மருத்துவமனையில்தான் இடம் கிடைத்தது. அவர் பிழைத்து வந்தார். எல்லோருக்கும் அப்படி வாய்க்கவில்லை.

இப்போது மாநிலம் முழுவதற்குமான நாள் கணக்கே இரண்டாயிரத்துக்குக் கீழே வந்துவிட்டது. மன்றத்தின் கையிருப்பு 1,65,000 ரூபாய். இன்னும் நான்கு கான்சன்ட்ரேட்டர்கள் வாங்கலாம் என்று சிலரும், எல்லாம் முடிந்துவிட்டது, பணத்தை வேறு நற்காரியத்துக்குச் செலவிடலாம் என்று சிலரும் சொல்கிறார்கள். எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. கடந்த பிப்ரவரியிலும் எண்ணிக்கை ஐந்நூறுக்குக் கீழே இருந்தது. அப்போது முகக்கவசத்தை ஆணியில் மாட்டிவிட்டுக் கல்யாணம், தேர்தல் கூட்டம் என்று நாங்களும்தான் திரிந்தோம். மூன்றாம் அலை வருமானால், அதற்குள் செய்து முடிக்க வேண்டியவை எவை என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

ஸ்பேனர் (மருத்துவக் கருவிகள் பழுதுபார்ப்பவன்)

நண்பருக்கு முதலில் ஒரு கேள்வி: அந்த நான்கு கருவிகளும் இப்போது எங்கே இருக்கின்றன? அட்டைப்பெட்டியில் போட்டு மன்றத்தின் பின்னறையில் அடுக்கி வைத்திருந்தால், இன்றைக்கே வெளியே எடுங்கள். கான்சன்ட்ரேட்டருக்குள் சியோலைட் என்ற மணிகள் நிரப்பிய உருளைகள் இருக்கின்றன. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆக்சிஜனை மட்டும் வெளியே விடுவது அந்த மணிகளின் வேலை. அவை ஈரத்தையும் உறிஞ்சும். ஓட்டாமலே கிடந்து, ஐப்பசி மழையின் ஈரக்காற்றும் பட்டால் மணிகளின் திறன் குறைந்துவிடும். கருவி வழக்கம்போல உறுமும், நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் என்று மீட்டரும் காட்டும், ஆனால் வருவதில் ஆக்சிஜன் எவ்வளவு என்பது வேறு கதையாக இருக்கும். 90 விழுக்காட்டுக்கு மேல் வர வேண்டும். அதை அளக்கும் சிறு கருவி உங்களிடம் இல்லையென்றால், விற்ற நிறுவனத்தின் சேவை ஆளை ஒருமுறை வரவழைத்து அளந்து, அந்த எண்ணையும் தேதியையும் ஒவ்வொரு கருவியின் மீதும் ஒட்டி வையுங்கள். மாதம் ஒருமுறையேனும் சில மணி நேரம் ஓட்ட வேண்டும். பின்பக்கத்து வடிகட்டியைக் கழுவி, நன்றாக உலர்த்தி மாட்ட வேண்டும். ஈரப்பதமூட்டும் பாட்டிலைத் தண்ணீரோடு வைத்துவிடாதீர்கள். நான் பழுது பார்க்கப் போன ஓர் இடத்தில் அதற்குள் பாசியே பிடித்திருந்தது.

ஆக்சிமீட்டரில் உள்ள பேட்டரிகளையும் கழற்றித் தனியாக வையுங்கள், உள்ளேயே கசிந்து கெட்டுப்போகும். உங்கள் ஊரில் மின்னழுத்தம் ஏறி இறங்கும் என்றால், ஐந்தாவது கருவியை விட நான்கு ஸ்டெபிலைசர்கள் மேல். கருவி ஓடும் அறையில் விளக்கு ஏற்றுவதோ கற்பூரம் கொளுத்துவதோ கூடவே கூடாது என்பதைத் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். மே மாதத்தில் ஒரு வீட்டில் சாமி படத்துக்கு நேர் கீழே, எரியும் விளக்குக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

மளிகைக்கடை

எல்லோரும் கருவியைப் பற்றியே பேசுகிறீர்கள். ஊரடங்கில் கடையை மூடி வைத்துக் கடனாளியானவன் என்ற முறையில் சொல்கிறேன்: மூன்றாம் அலை, மூன்றாம் அலை என்று தொலைக்காட்சிகள் தினமும் பயமுறுத்துவதற்கு நாமும் தாளம் போட வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) ஜூன், ஜூலையில் நடத்திய நான்காவது இரத்தப் பரிசோதனை ஆய்வில் நாட்டில் 67.6 விழுக்காட்டினருக்கு எதிர்ப்பாற்றல் உருவாகியிருப்பதாகத் தெரிந்ததே! மூன்றில் இரண்டு பேருக்கு ஏற்கெனவே வந்து போய்விட்டது அல்லது தடுப்பூசி போட்டாகிவிட்டது என்றால், இன்னொரு அலைக்கு ஆள் எங்கே இருக்கிறது? சம்பாதிப்பவரை இழந்த குடும்பங்கள் உங்கள் ஊரிலும் இருக்கும். அந்தப் பிள்ளைகளின் படிப்புக்கு அந்தப் பணத்தைக் கொடுங்கள்.

மயக்கவியல் (அரசு மருத்துவர்)

மளிகைக்கடை நண்பரின் கோபம் நியாயமானது, அவர் சொல்லும் எண்ணும் சரியானது. ஆனால் அதிலிருந்து அவர் வந்தடையும் முடிவை ஏற்க முடியவில்லை. பிரேசிலின் மனாஸ் நகரில், கடந்த ஆண்டு அக்டோபருக்குள்ளாகவே ஏறத்தாழ 76 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்து போயிருக்கும் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். இனி அங்கே அலை எழாது என்றுதான் பலரும் எண்ணினர். இந்த ஆண்டு ஜனவரியில் அதே நகரில் மருத்துவமனைகளின் ஆக்சிஜன் தீர்ந்துபோய், அண்டை நாடான வெனிசுவேலாவிலிருந்து லாரிகளில் வரவழைக்க வேண்டியதாயிற்று. கணிப்பு சற்றுக் கூடுதலாக இருந்திருக்கலாம், எதிர்ப்பாற்றல் குறைந்திருக்கலாம், உருமாறிய புதிய வைரஸ் அதை ஏமாற்றியிருக்கலாம். காரணம் எதுவாயினும், விழுக்காட்டை நம்பிக் கதவைத் திறந்துவைக்க முடியாது என்பது மட்டும் தெரிகிறது. மேலும், நாடு முழுவதற்குமான சராசரி உங்கள் ஊருக்குப் பொருந்தாது. அதே ஆய்வில் மத்தியப் பிரதேசத்தில் 79 விழுக்காடு, கேரளத்தில் 44.4 விழுக்காடுதான்.

கேள்வி கேட்டவருக்கு: இன்னும் கருவிகள் வாங்குவதில் எனக்கும் உடன்பாடில்லை. ஒரு கணக்கைப் பாருங்கள். மருத்துவமனைகளில் நீங்கள் பார்த்திருக்கும் பெரிய டி வகை சிலிண்டரில் ஏறத்தாழ 7,000 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் என்றால் அது ஒரு நாள் வரை வரும், பத்து என்றால் பன்னிரண்டு மணி நேரம்கூட வராது. நிலைமை மோசமாகி, மூக்கு வழியே அதிவேகமாக அறுபது லிட்டர் செலுத்த வேண்டிய நோயாளிக்கு இரண்டு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். அப்படிப்பட்டவரை ஐந்து லிட்டர் கான்சன்ட்ரேட்டரில் வீட்டில் வைத்திருப்பது ஆபத்து. உங்கள் கருவி, 94-க்குக் கீழே இறங்கத் தொடங்கியவரை ஆம்புலன்ஸ் வரும் வரையில் தாங்கிப் பிடிப்பதற்கு மட்டுமே. மே மாதத்தில் எங்களிடம் மிகத் தாமதமாக வந்தவர்களில் பலர், வீட்டில் கருவி இருக்கிறது என்ற தைரியத்திலேயே இரண்டு நாட்களைக் கடத்தியவர்கள். ஆகவே ஆக்சிமீட்டர் எந்த எண்ணைக் காட்டினால் யாரை அழைப்பது, எந்த வண்டி, ஓட்டுநர் யார், அவர் வராவிட்டால் மாற்று யார் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். மூச்சுத்திணறுபவரைக் குப்புறப் படுக்க வைப்பதை இளைஞர்கள் பத்துப் பேருக்குச் செய்து காட்டச் சொல்லி, உங்கள் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைக் கேளுங்கள். கூட்டம் இல்லாத இந்த நாட்களில் அவருக்கும் நேரம் இருக்கும்.

ஓய்வுபெற்ற செவிலி

முப்பத்திரண்டு ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள் நான். தம்பி, உங்கள் ஊரில் அறுபது வயதைக் கடந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் தடுப்பூசி இரண்டு தவணையும் போட்டவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் உங்களால் சொல்ல முடியுமா? முடியாதென்றால் முதல் செலவு நாற்பது ரூபாய். ஒரு நீளமான கணக்கு நோட்டு வாங்குங்கள். தெருவாரியாகப் பெயர், வயது, சர்க்கரை, இரத்த அழுத்தம், டயாலிசிஸ், கருவுற்றவர், தனியாக இருப்பவர், போன் இல்லாதவர், ஊசியின் தேதி என்று கட்டம் போடுங்கள். இரண்டாம் தவணைக்கு, கோவிஷீல்டு தடுப்பூசி போட்டவருக்கு 84 நாட்களும் கோவேக்சின் போட்டவருக்கு 28 நாட்களும் என்றைக்கு முடிகின்றன என்பதை எதிரிலேயே எழுதிவிட்டால், யார் வீட்டுக்கு என்று போக வேண்டும் என்பதை நோட்டே சொல்லிவிடும். கருவுற்ற பெண்களுக்கும் போடலாம் என்று ஜூலையில் அறிவித்தாயிற்று. அது தெரியாத மாமியார்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள்.

ஊசி வேண்டாம் என்பவரோடு வாதாடாதீர்கள், காரணத்தைக் கேளுங்கள். நடிகர் விவேக் ஊசி போட்ட இரண்டாம் நாள் இறந்ததைச் சிலர் இன்னமும் சொல்கிறார்கள். மாரடைப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் அன்றைக்கே விளக்கியும், அந்தப் பயம் முழுவதும் போகவில்லை. ஆனால் நான் சந்தித்த கூலிப் பெண்களில் பெரும்பாலோர் சொன்னது வேறு: "ரெண்டு நாள் காய்ச்சல்ல படுத்தா நடவுக் கூலி யாரு குடுப்பா?" இதற்கு விளக்கத்தால் பதில் சொல்ல முடியாது. உங்கள் பணத்துக்கு உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது. ஊசி போட்டுக்கொண்டவர் வீட்டுக்கு இரண்டு நாளைக்கு அரிசி, பருப்பு, ஒரு பட்டை பாரசிட்டமால் கொடுங்கள். நடக்க முடியாதவருக்கு ஆட்டோ வையுங்கள். சம்பா நடவு மும்முரமாவதற்குள் முடித்துவிட்டால் நல்லது.

மளிகைக்கடைக்காரர் சொன்னதையும் தள்ளிவிட வேண்டாம். பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தையின் பெயரில் ஐந்து லட்சமும், ஒருவரை இழந்த குடும்பத்துக்கு மூன்று லட்சமும் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. இறப்புச் சான்றிதழில் கோவிட் என்று வராததால் அலைந்துகொண்டிருக்கும் குடும்பம் உங்கள் ஊரிலும் ஒன்றிரண்டு இருக்கக்கூடும். மனு எழுதிக் கொடுத்து, உடன் ஒருவர் ஆட்சியர் அலுவலகம் வரை போய் வருவதற்குப் பஸ் காசுதான் செலவு.

கடைமடைக்காரன்

அனைவருக்கும் நன்றி. இன்று மாலை பின்னறையைத் திறந்து பார்த்தோம். நான்கில் ஒன்றின் பாட்டிலில் மே மாதத்துத் தண்ணீர் அப்படியே இருந்தது. மற்றொன்று, ஓட்டத் தொடங்கிய இருபதாம் நிமிடத்தில் மஞ்சள் எச்சரிக்கை விளக்கைக் காட்டுகிறது. ஸ்பேனர் அவர்களே, அது மணிகளின் கோளாறா, வடிகட்டி மட்டும்தானா என்று படம் எடுத்துப் போட்டால் சொல்ல முடியுமா? செவிலி அம்மா சொன்ன நோட்டை வாங்கி, வடக்குத் தெருவில் பதினொரு வீடுகளை முடித்திருக்கிறோம். அந்தப் பதினொரு வீடுகளில் அறுபதைக் கடந்தவர்கள் ஒன்பது பேர். இரண்டு தவணையும் போட்டவர் ஒருவர்தான், அதுவும் மே மாதத்தில் 84 காட்டிய அந்தப் பெரியவரின் தம்பி.