மழைக்கு முன் விதை: எங்கள் குடும்பக் குழுவில் பேசியது

அக்கா: [படம்] மாடிப் பந்தலில் விதைக்கு விட்டிருந்த பீர்க்கை இரண்டும் முற்றிக் காய்ந்துவிட்டன. குலுக்கினால் கலகலவென்று சத்தம் கேட்கிறது. இந்த விதையை மூன்று நான்கு வருடம் வைத்திருக்க முடியுமா? தக்காளி, கத்தரி, அவரை விதையும் எடுக்கப்போகிறேன். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் சென்னையில் எதுவும் காயாது.

பெரியம்மா: கூட்டை உடைக்காதே கண்ணு. காம்போடு அப்படியே வீட்டுக்குள் தொங்கவிடு. விதைக்கிற அன்றைக்கு உடைத்தால் போதும். பரங்கி விதையைச் சாணியில் பதித்துச் சுவரில் தட்டி வைப்போம். ஆடி வரைக்கும் ஒன்றும் ஆகாது.

மாமா (பெரியம்மாவிடம்): அக்கா, உங்கள் ஊருக்கு அது சரி. சென்னையில் காற்றே ஈரம். விதை தன்னைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அடுத்த ஆடிக்கு என்றால் தொங்கட்டும். நாலு வருடத்துக்கு என்றால் உடைத்து, காயவைத்து, காற்றுப் புகாமல் மூடத்தான் வேண்டும்.

அண்ணன்: நேராக ஃப்ரீசரில் போட்டுவிட்டால் என்ன மாமா?

மாமா: காயாத விதையை ஃப்ரீசரில் போட்டால் உள்ளே இருக்கும் நீர் உறைந்து முளைக்கரு செத்துவிடும். தில்லி பூசா வளாகத்தில் இருக்கும் தேசிய மரபணு வங்கியில் மைனஸ் 18 டிகிரியில்தான் வைக்கிறார்கள். ஆனால் அதற்கு முன்னால் விதையின் ஈரத்தை 3 முதல் 7 சதவீதத்துக்குள் இறக்கிவிடுவார்கள். நம் வீட்டுக்கு ஃபிரிட்ஜே போதும்.

மாமா: வேளாண்மைத் துறையில் நாங்கள் படித்தது ஹாரிங்டன் என்ற விதை ஆராய்ச்சியாளர் சொன்ன கணக்கு. விதையின் ஈரம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும். வைக்கிற இடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் இரட்டிப்பாகும். ஏறத்தாழ 14 சதவீத ஈரத்திலிருந்து 5 சதவீதம் வரைக்கும் இந்தக் கணக்கு செல்லும். அதனால் முதலில் காயவைப்பது, அப்புறம்தான் குளிர்ச்சி. அரைகுறையாகக் காய்ந்த விதையை இறுக்கி மூடுவது, திறந்து போட்டு வைப்பதைவிடக் கெடுதல். உள்ளேயே புழுங்கிப் பூஞ்சை பிடித்துவிடும்.

அக்கா: மொட்டை மாடி வெயிலில் நாள் முழுக்கப் போட்டுவிடவா?

மாமா: வேண்டாம் பாப்பா. காலையில் எட்டு மணிக்குப் போட்டு பன்னிரண்டுக்கு முன் எடுத்துவிடு. திரும்ப மூன்று மணிக்கு மேல் போடு. உச்சி வெயிலும் அதில் வரும் புற ஊதாக் கதிரும் முளைப்புத் திறனைக் குறைக்கும். சுடுகிற சிமெண்ட் தரையிலும் எவர்சில்வர் தட்டிலும் பரப்பாதே. பருத்தித் துணி போதும். பொழுது சாய்ந்ததும் உள்ளே எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பகலில் போன ஈரம் ராத்திரியில் திரும்பிவிடும்.

நான்: காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பெரியம்மா: பரங்கி விதையை வளைத்துப் பார். வளைந்தால் ஈரம் இருக்கிறது. பட்டென்று ஒடிய வேண்டும். அவரையைக் கடித்தால் பல் பதியக் கூடாது.

மாமா: பெரியம்மா சொல்வதுதான் நல்ல சோதனை. அதற்கு மேலும் காயவைக்க வேண்டுமென்றால் சிலிக்கா ஜெல் போடலாம். அது கிடைக்காவிட்டால் அரிசியை நன்றாக வறுத்து, சூட்டோடு பாட்டிலில் போட்டு மூடி ஆறவிடு. ஆறிய பிறகு விதையைத் துணியில் முடிந்து அதற்குள் வைத்து மறுபடி மூடு. இரண்டு வாரத்தில் அரிசி ஈரத்தை இழுத்துவிடும். பிறகு விதையை வேறு காய்ந்த பாட்டிலுக்கு மாற்று.

அக்கா: தக்காளி விதை வழவழவென்று இருக்கிறதே?

மாமா: சதையோடு ஒரு டம்ளரில் போட்டு இரண்டு நாள் புளிக்கவிடு. அந்த வழவழப்பு முளைப்பதைத் தடுப்பது, புளித்ததும் கழன்றுவிடும். அலசும்போது மிதப்பதைக் கொட்டிவிடு, அடியில் தங்குவதை எடுத்துக்கொள். கத்தரிக்குப் புளிக்கவைக்க வேண்டாம், பழம் மஞ்சளாகும் வரை செடியிலேயே விட்டால் போதும்.

நான்: எங்கள் வீட்டில் அவரை விதையை இறுக்கித்தான் மூடியிருந்தோம். உள்ளே வண்டு எப்படி வந்தது?

மாமா: அது வெளியிலிருந்து வந்தது இல்லை. பயறு வண்டு செடியில் இருக்கும் காய் மேலேயே முட்டை வைத்துவிடும். நாம் விதையோடு சேர்த்து அதையும் மூடிவைக்கிறோம். நன்றாகக் காய்ந்த அவரை, துவரை விதையை மட்டும் ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும்.

பெரியம்மா: ஃப்ரீசர் இல்லாத காலத்தில் நாங்கள் சாம்பல்தான் போட்டோம். விறகுச் சாம்பலைச் சலித்து, விதைக்குச் சமமாகக் கலந்து மண்பானையில் வைப்போம். மேலே காய்ந்த நொச்சி, வேப்பிலை. உள்ளே ஒரு துண்டு வசம்பு.

மாமா: சாம்பல் ஈரத்தையும் உறிஞ்சும், வண்டின் மேல்தோலை உராய்ந்து அதையும் உலர்த்திவிடும். மிக நல்ல முறை அது. இப்போது விறகு அடுப்பு இருக்கிற வீடு எங்கே இருக்கிறது என்பதுதான் கஷ்டம்.

அண்ணி: கறிவேப்பிலைப் பழம் நிறைய விழுந்திருக்கிறது. அதையும் காயவைக்கட்டுமா?

மாமா: கூடவே கூடாது அம்மா. கறிவேப்பிலை, மா, பலா விதையெல்லாம் காய்ந்தால் செத்துவிடும். சதையைக் கழுவிவிட்டு உடனே ஊன்றிவிடுங்கள்.

அக்கா: ஒவ்வொரு விதையும் எத்தனை வருடம் தாங்கும்?

மாமா: பொதுவாகச் சொல்வது: வெங்காயம் ஒரு வருடம், வெண்டையும் மிளகாயும் இரண்டு, அவரை மூன்று, தக்காளியும் கத்தரியும் நான்கு, வெள்ளரி ஐந்து. ஆனால் இந்தப் பட்டியலெல்லாம் குளிர் நாடுகளில் போட்டது. நம் வெயிலில் அலமாரியில் வைத்தால் அவ்வளவு நிற்காது, ஃபிரிட்ஜில் வைத்தால் அதைத் தாண்டியும் நிற்கும். விதைப்பதற்கு முன் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பார். ஏழெட்டு முளைத்தால் தாராளமாகப் போடலாம். நாலுதான் முளைத்தது என்றால் நெருக்கிப் போடு.

மாமா: முக்கியமானதை மறந்துவிடப்போகிறேன். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் பாட்டிலைத் திறக்காதே. அறைச் சூட்டுக்கு வரட்டும், ஒரு ராத்திரி வெளியே இருக்கட்டும். சில்லென்று திறந்தால் காற்றில் உள்ள ஈரம் விதை மேல் நீராகப் படியும். அதனால்தான் எல்லா விதையையும் ஒரே டப்பாவில் கொட்டாதே என்பது. ஒரு பட்டத்துக்கு ஒரு பொட்டலம் என்று சின்னச் சின்னதாகப் பிரித்து வை.

அக்கா: வெண்டையிலும் விதை எடுத்து வைக்கலாமா? கடையில் வாங்கிய பாக்கெட்டில் இருந்து போட்ட செடி. மேலே ஹைப்ரிட் என்று போட்டிருக்கிறது.

மாமா: அதை வைத்துப் பயனில்லை. அடுத்த தலைமுறை தாய்ச்செடி மாதிரியே வராது. உன் பீர்க்கை நாட்டு ரகம், அதைத்தான் காப்பாற்ற வேண்டும். பக்கத்து மாடியில் வேறு பீர்க்கை இருந்ததா?

அக்கா: இல்லை மாமா. இந்தப் பக்கம் நான் மட்டும்தான் போட்டிருக்கிறேன்.

மாமா: அப்படியானால் வேறு ரகத்தின் மகரந்தம் வந்து கலப்பு ஆகியிருக்க வாய்ப்பு குறைவு.

பெரியம்மா: கண்ணு, எவ்வளவு நல்லா வைத்தாலும் ஒரே வீட்டில் வைக்காதே. பாதியை எனக்கு அனுப்பு. ஆடிக்கு நான் போட்டுப் புது விதை எடுத்து வைக்கிறேன். உன்னிடம் போனால் என்னிடம் இருக்கும்.

அண்ணன்: எனக்கும் கொஞ்சம். கோவையில் தைப்பட்டத்துக்குப் போடுகிறேன்.

அக்கா: சரி. நாளைக்கு வெயில் அடித்தால் உடைத்துப் பரப்பிவிடுகிறேன். காய்ந்ததும் மூன்று பங்கு.

மாமா: பொட்டலத்தின் மேல் ரகம், எடுத்த மாதம், வருடம் மூன்றையும் எழுது. பென்சிலில் எழுது, பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும்.