வகுப்பிலேயே படம் போட்டு நோட்ஸ் எடுக்க முடியுமா? (ஜியாலஜி, முதலாண்டு)

ஏற்காட்டுப் பையன்:
சேலத்தில் பி.எஸ்சி. ஜியாலஜி படிக்கிறேன். வரிவரியாக எழுதிய நோட்ஸைத் திரும்பப் படிக்கவே தோன்றுவதில்லை, அதனால் மைண்ட் மேப் போட ஆரம்பித்தேன், ஆனால் நடுவில் வட்டம் போட்டுக் கிளை பிரிப்பதற்குள் சார் அடுத்த தலைப்புக்குப் போய்விடுகிறார். எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

சூரமங்கலம் அக்கா:
தம்பி, வகுப்பில் முழுப் படம் போடவே வேண்டாம். வலது பக்கத்தில் சார் சொல்வதைச் சுருக்கமாக எழுது, இடது பக்கத்தைக் காலியாக விடு. சாயங்காலம் வலது பக்கத்தை ஒரு தாளால் மறைத்துக்கொண்டு, நினைவில் இருப்பதை வைத்தே இடது பக்கத்தில் படத்தைப் போடு. கை எங்கே நிற்கிறதோ அதை மட்டும் மறுநாள் சாரிடம் கேள்.

அஸ்தம்பட்டி சீனியர்:
அக்கா சொல்வது சரி. ஆனால் நம் பாடத்துக்கு மைண்ட் மேப்பை விட கான்செப்ட் மேப்தான் பொருந்தும். 1970களில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக் குழுவினர் உருவாக்கிய முறை இது, ஒவ்வொரு கோட்டின் மேலும் என்ன தொடர்பு என்று எழுதியே ஆக வேண்டும். நம் ஊர் வெள்ளைக்கல்லையே, அதாவது மேக்னசைட் தாதுவையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூலப்பாறையான டியூனைட் ஒரு பெட்டி, மேக்னசைட் ஒரு பெட்டி, நடுவில் வெறும் கோடு என்றால் அந்தப் படம் எதையும் சொல்லவில்லை. ‘கார்பன் டை ஆக்சைடு கலந்த நீர் பட்டு மாறியது’ என்று கோட்டின் மேல் எழுதும்போதுதான் மேக்னசைட்டில் உள்ள மெக்னீசியம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழும், டியூனைட்டில் இருக்கும் மெக்னீசியக் கனிமமான ஆலிவின் என்று இன்னொரு பெட்டி சேரும். அப்புறம் சேர்வராயன் மலை பாக்சைட் (அலுமினியத் தாது): சார்னோகைட் என்ற பாறை மழையிலும் வெயிலிலும் சிதைந்து, சிலிக்கா கரைந்து போய், அலுமினியம் மிஞ்சியது. இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒன்றில் கார்பன் டை ஆக்சைடு வெளியிலிருந்து வந்து சேர்ந்திருக்கிறது, மற்றதில் உள்ளே இருந்த சிலிக்கா கழிந்திருக்கிறது! பத்துப் பக்கம் எழுதினாலும் எனக்கு இது கண்ணில் பட்டிருக்காது.

ஏற்காட்டுப் பையன்:
நன்றி அக்கா, நன்றி அண்ணா. சார் போர்டில் வரையும் படங்களைப் போனில் எடுத்துக்கொண்டால் போதுமா?

அஸ்தம்பட்டி சீனியர்:
பாறை அடுக்குகளின் மடிப்பு, பிளவு இவற்றின் குறுக்குவெட்டுப் படங்களை அங்கேயே கையால் வரைந்துவிடுங்கள், கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை. அங்கே படமே பாடம், பெயர்களையும் அப்போதே குறித்துவிட வேண்டும். போட்டோ சரிபார்க்க மட்டும்.

சூரமங்கலம் அக்கா:
எல்லாவற்றையும் படமாக்காதே தம்பி. டால்க் 1 முதல் வைரம் 10 வரை போகும், கனிமங்களின் கடினத்தன்மையைக் காட்டும் மோஸ் அளவுகோலுக்கு ஒரு அட்டவணை போதும்.