குளிர்க்குழாய்த் தாங்கிக்கு ஒரு சொல் வேண்டும்

கோலாலம்பூர், மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே குழாய் வேலை செய்பவர்களுக்கான பாதுகாப்புக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல் கிடைக்காமல் நிற்கிறேன். திரவ இயற்கை எரிவாயு ஓடும் குழாய் ஏறக்குறைய மைனஸ் 162 டிகிரியில் இருக்கும். அதை இரும்புச் சட்டத்தில் நேரடியாக வைக்க முடியாது. நடுவில் கெட்டியான பாலியூரித்தேன் நுரைக்கட்டை கொடுத்துத் தாங்குகிறார்கள். சைட்டில் 'கோல்ட் ஷூ' என்கிறார்கள். தமிழில் எப்படி எழுதுவது?

பினாங்கு, தமிழாசிரியர்:
தண் + தாங்கி, தண்டாங்கி. தண்டமிழ் புணர்ந்த அதே விதிதான் அம்மா. வேர்ச்சொல் கையிலேயே இருக்கும்போது ஷூ எதற்கு?

ஷா ஆலம், குழாய்ப் பொறியாளர்:
ஐயா, தண்டாங்கி என்றால் தண்டு ஏந்தியவர் என்றுதான் வெல்டர் படிப்பார். தண்மை இதமான குளிர்; தண்ணிழல் என்கிறோமே. இந்தக் குளிர் சாதாரணக் கார்பன் எஃகுக்குப் போனால் அது நொறுங்கும் தன்மை அடைந்து விரிசல் விடும்.

இந்தப் பொருள் என்ன செய்கிறது என்று பார்த்துப் பெயர் வைப்போம். குழாயைச் சுற்றியுள்ள லேசான நுரை எடை தாங்காமல் நசுங்கும். அதனால் தாங்கும் இடத்தில் மட்டும் அடர்த்தி கூடிய நுரை வைக்கிறோம். மேலே ஆவித்தடுப்பு உறை. அதில் கீறல் விழுந்தால் நம் ஊர் ஈரக்காற்று உள்ளே புகுந்து பனிக்கட்டியாகிவிடும், அப்புறம் காப்பு போச்சு. குளிரூட்டும்போது துருப்பிடிக்காத எஃகுக் குழாய் மீட்டருக்கு ஏறக்குறைய 3 மி.மீ. சுருங்கும். நூறு மீட்டருக்குக் கிட்டத்தட்ட ஓர் அடி! அதற்காகத்தான் பல தாங்கிகளின் அடியில் வழுக்கும் டெஃப்லான் தகடு. என் ஓட்டு 'கடுங்குளிர்க் காப்புத் தாங்கி'.

பட்டர்வொர்த், ஓய்வுபெற்ற ஃபிட்டர்:
தம்பி சொன்ன வேலைக்கு நம்மிடம் சொல் இருக்கிறது: சும்மாடு. தோட்டத்து லயத்தில் குடம் சுமந்த அம்மாக்களுக்குத் தெரியும். சுமைக்கும் தலைக்கும் நடுவே இருப்பது. சுமையடை மருவித்தான் சும்மாடு ஆனது. அடு, அடை, அண்டை எல்லாம் ஒரே குடும்பம் என்பது என் எண்ணம். 'குழாய்ச் சும்மாடு' என்று எழுதுங்கள்.

பினாங்கு, தமிழாசிரியர்:
தண்டாங்கியை விட்டுவிடுகிறேன். ஆனால் 'காப்பு' எனக்கு ஒப்பவில்லை. கையில் போடுவதும் காப்பு, நூலின் தொடக்கத்தில் பாடுவதும் காப்பு. சும்மாடு அழகான சொல்தான், என் மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஷா ஆலம், குழாய்ப் பொறியாளர்:
வெப்பக்காப்பு என்று பள்ளியிலேயே படிக்கிறார்களே ஐயா. குழப்பம் வராது.

கோலாலம்பூர், மொழிபெயர்ப்பாளர்:
சரி, கடுங்குளிர்க் காப்புத் தாங்கி என்றே போடுகிறேன். தனி மடலில் எழுதியவர்களும் பெரும்பாலும் அதையே சொன்னார்கள். படத்தின் கீழே கோல்ட் ஷூ என்றும் இருக்கும்.

பட்டர்வொர்த், ஓய்வுபெற்ற ஃபிட்டர்:
போடு தாயி, வேலை நடக்கட்டும். ஆனால் உயரத்தில் நின்று கத்திக் கேட்கிறவன் இத்தனை நீளமான சொல்லைக் கத்த மாட்டான். ஷூ என்றுதான் கத்துவான். சும்மாடு மூன்றே அசை.