பாட்டு செட் மாற்றக்கூட இடமில்லாத வண்டியில் ஆசை எங்கிருந்து வரும்?

இருபது வருஷத்துக்கும் மேலாகக் கார்களைக் கழட்டி மாட்டிக்கொண்டிருக்கிறேன். "இப்ப இருக்கிற பசங்களுக்கு வண்டி மேல ஆசையே இல்ல" என்று கூட்டாளிகள் சொல்லும்போதெல்லாம் நானும் தலையாட்டியிருக்கிறேன். அக்கா மகனின் வண்டியைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

அவனுக்கு அது முதல் வண்டி, வாங்கி ஒரு மாதம்தான். "மாமா, நல்ல செட்டா ஒண்ணு போட்டுக் குடுங்க" என்று வந்து நின்றான். நான் முதன்முதலில் கைவைத்ததும் அதில்தான். அப்போதெல்லாம் டேஷ்போர்டில் 180 மி.மீ. அகலம், 50 மி.மீ. உயரத்தில் ஒரு சந்து இருக்கும், எந்தக் கம்பெனி வண்டியானாலும் அநேகமாக அதே அளவு, பக்கத்தில் கம்பியை விட்டு இழுத்தால் பழைய செட் கையோடு வந்துவிடும், புதியதைச் சொருகிப் பாட்டுப் போட்ட அன்றுதான் வண்டி என்னுடையது என்றே எனக்குப் பட்டது. அப்புறம் ஸ்பீக்கர், ஏர் ஃபில்டர், சைலன்சர், ஸ்பிரிங் என்று ஆசை வளர்ந்துகொண்டே போனது. இவன் வண்டியில் அந்தச் சந்தே இல்லை. ஒரே பெரிய திரை, ஏசி முதல் பின்கேமரா வரை எல்லாம் அதற்குள். அதைக் கழட்டினால் ஏசியை எங்கே போய் அமுக்குவது? அவன் முகம் வாடியதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

சரி, ஸ்பிரிங்கையாவது மாற்றி வண்டியின் உயரத்தைக் கொஞ்சம் இறக்கலாம் என்று பார்த்தோம். முன்கண்ணாடியில் இருக்கும் கேமராவும் பம்பருக்குள் இருக்கும் ரேடாரும் வண்டி நிற்கும் உயரத்தை வைத்துத்தான் எதிரே இருப்பதைக் கணக்கிடுகின்றன. தானாகப் பிரேக் பிடிப்பது அவற்றை நம்பித்தான். உயரத்தை மாற்றினால் இரண்டையும் மறுபடி சீர்செய்ய வேண்டும், அதற்கான கருவி என்னிடம் இல்லை. குத்துமதிப்பாகச் செய்து கொடுக்க எனக்குத் துணிவில்லை. வாரண்டி, இன்சூரன்ஸ் பயம் தனி. சொல்லாமல் மாற்றிய வண்டிக்கு நஷ்டஈடு மறுக்கப்படலாம், இளம் வயதில் அந்த அடியைத் தாங்குவது கடினம்.

ரீமேப், அதாவது இன்ஜினை இயக்கும் மென்பொருளை மாற்றி வேகம் கூட்டுவது, கேட்டு வருபவர்களும் குறைந்துவிட்டார்கள். 2020 மாடல் கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரில் ஈசியூவை, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியை, குறியாக்கம் செய்தே பூட்டிவிட்டார்கள், எங்களைப் போன்றவர்கள் சுலபமாக உள்ளே போக முடியாது. பல வருஷம் என்னிடம் டர்போ வண்டி கொண்டுவந்த ஒரு தம்பி அதை விற்றுவிட்டு மின்சாரக் காருக்கு மாறிவிட்டான். டெஸ்லா 2019 இறுதியில் மாடல் 3-க்கு ஒன்று விற்கத் தொடங்கியது: பணம் கட்டினால் மென்பொருள் இறங்கும், நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தைத் தொடும் நேரம் 4.4 வினாடியிலிருந்து 3.9 ஆகும். அந்த அரை வினாடிக்காக நானும் அவனும் எத்தனை ராத்திரி கண்விழித்திருக்கிறோம்! இப்போது ஸ்பேனரைத் தொடவே வேண்டாம். வேகம் கிடைக்கிறது, ஆனால் "இது நான் செய்தது" என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. எனக்கு வலிப்பது அதுதான்.

அக்கா மகன் தன் வண்டியை அப்படியே விட்டுவிட்டான். ஆனால் போன ஞாயிறு என் பழைய சிவிக் காரின் கீழே படுத்து, துருப்பிடித்த போல்ட் ஒன்றோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினான். அது கழன்று வந்ததும் அவன் போட்ட சத்தத்தில் அக்கா ஓடி வந்து பார்த்தாள். இந்த வாரமும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான், பின் ஷாக் அப்சார்பர் மாற்ற வேண்டும்.